மண்ணீரல் சொல்லும் வரலாறு

காய்ச்சற்கட்டி என்றொரு சொல் ஈழத்துத் தமிழிலே நெடுங்காலம் வழங்கி வந்தது. குளிர்காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்து வருத்தியவரின் இடப்பக்க விலாவுக்குக் கீழே கைக்கு அகப்படும் வீக்கத்தையே அது குறித்தது. இன்று கல்முனையிலோ சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ நமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இச்சொல் விளங்காது. விளங்காமற் போனது நல்லதே. ஆனால் ஒரு நோயின் பெயர் மக்கள் நாவிலிருந்து எவ்வாறு மறைந்தது, யார் கொடுத்த விலைக்கு மறைந்தது என்று கேளாமல் அதனை மறந்துவிடுவது வரலாறு கற்போருக்கு அழகன்று.

வயிற்றின் இடப்பக்கத்தே விலா எலும்புகளின் மறைவிலே மண்ணீரல் இருக்கின்றது. முதிர்ந்து பழுதான செங்குருதிக் கலங்களை இரத்தத்திலிருந்து வடித்து அகற்றுவது அதன் தொழில்களில் ஒன்று. மலேரியாக் கிருமி செங்குருதிக் கலத்தினுள்ளே புகுந்து, அங்கேயே உண்டு பெருகி, அதனை வெடித்துக்கொண்டு வெளியேறும். வெளியேறும் ஒவ்வொரு முறையும் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் காணும். சிதைந்த கலங்களையும் கிருமி புகுந்த கலங்களையும் அகற்றி அகற்றி மண்ணீரல் பருக்கின்றது. சுகதேகியிடத்தே கைக்கு எட்டாத அவ்வுறுப்பு, பலமுறை காய்ச்சல் கண்ட பிள்ளையிடத்தே தொப்புள்வரை இறங்கிவிடுவதும் உண்டு. இரத்தமோ வெளிறிப் போகும்.

இதனால் மருத்துவர்களுக்கு எளிய அளவுகோல் ஒன்று கிடைத்தது. ஒரு கிராமத்திலே மலேரியா எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அறிய இரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் செய்யவேண்டியதில்லை. இரண்டு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாற் போதும். நூறு பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகின்றதோ அதுவே அவ்வூரின் மண்ணீரல் வீதம். பிள்ளைகளை ஓரிடத்திலே திரளாகக் காண்பதற்குப் பாடசாலையே வசதியான இடம். ஆகவே பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றை அழுத்திப் பார்த்துக் குறிப்பெடுப்பது மலேரியா ஆய்வாளரின் வழமையாயிற்று. வரவு இடாப்பிலே பெயருக்கு எதிரே நாம் இடும் கோடுகளுக்கும் அந்தக் குறிப்பேட்டின் எண்களுக்கும் நெருங்கிய உறவுண்டு. வராத பிள்ளையை மந்தன் என்றும் வந்து தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்றும் வைத ஆசிரியர் பரம்பரை ஒன்று இருந்தது. அவர் மூளையின் குறையென்று கண்டது பெரும்பாலும் இரத்தத்தின் குறையே.

சோம்பல் என்ற இக்குற்றச்சாட்டு பிள்ளைகளோடு நின்றதன்று. வரண்ட வலயத்துக் குடியானவர் உழைக்க மனமில்லாதவர் என்ற கருத்தைக் காலனித்துவ நிருவாகிகள் திரும்பத் திரும்பக் கூறினர். உள்ளூரிலே போடிமாரும் தம் வயற்காரரைப்பற்றி இதே வார்த்தையைச் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் உழவனின் ஆண்டினை எண்ணிப் பாருங்கள். நமது கரையோர ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலே நெருக்கமாக அமைந்தவை. வயல்களோ மேற்கே மைல் கணக்கில் விரிந்து கிடப்பவை. விதைப்புக்கும் காவலுக்கும் அறுவடைக்கும் வட்டைக்குச் சென்றவன் வாடியிலே இரவுகளைக் கழித்தான். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு இராப்பொழுதிலேதான் கடிக்கும். பகலெல்லாம் வரம்பிலே குனிந்தவன் இரவிலே நுளம்புக்கு இரையானான். அவனுடைய இரத்தத்திலிருந்து நெல்லும் விளைந்தது, நோயும் விளைந்தது. நெல் யாருடைய பட்டறைக்குப் போயிற்று என்பது வேறு கதை.

வரண்ட வலயத்திலே நோய் ஆண்டுதோறும் இருந்தது; ஆனால் வளர்ந்தவர்கள் கூட்டங்கூட்டமாக மாளவில்லை. இதன் காரணம் உடலியல் சார்ந்தது. ஒரே கிருமியின் தாக்குதலுக்குப் பலமுறை உட்பட்ட உடல், அதனை முற்றாக வெல்லாவிட்டாலும், அதனோடு ஒருவாறு பொருதி வாழக் கற்றுக்கொள்கின்றது. இந்த அரைகுறைக் காப்பு பிறப்பிலே வருவதன்று. இனத்தினாலோ மதத்தினாலோ வருவதுமன்று. குழந்தைப் பருவத்திலே பலமுறை காய்ச்சல் கண்டு தப்பிப் பிழைத்தவருக்கு மட்டுமே அது கிட்டும். தப்பாதவர் மையவாடியிலும் சுடலையிலும் அடங்கினர். ஒரு தலைமுறையின் வளர்ந்தோர் உறுதியாக நின்றார்கள் என்றால் அவர்களோடு பிறந்த எத்தனையோ பேர் மழலையிலே மறைந்தார்கள் என்பதே பொருள்.

இந்தக் காப்பு இல்லாத மக்களிடையே நோய் புகுந்தால் என்ன நேரும் என்பதை இலங்கை 1934 - 35இலே கண்டது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகக் கரை புரண்டோடும் மகா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கை ஆகியன வற்றி, மணலும் பாறையும் தெரிய, ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. இலங்கையில் மலேரியாவின் முதன்மைக் காவியான அனோபிலிசு குலிசிபேசிசு என்ற நுளம்பு வெயில் படும் தெளிந்த தேங்குநீரையே நாடி முட்டையிடும். ஓடும் ஆறு அதற்கு ஆகாது. வற்றிய ஆறோ அதற்குச் சொர்க்கம். ஆண்டின் இறுதி மாதங்களிலே கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் தொடங்கிய காய்ச்சல் 1935இன் தொடக்கத்தில் உச்சத்தை அடைந்தது. அன்றைய இலங்கையின் சனத்தொகை சுமார் 55 இலட்சம். இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர் எனக் கணிக்கப்படுகின்றது. 1935இல் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன.

மழை பொய்த்தது இயற்கை. நுளம்பு பெருகியது இயற்கை. ஆனால் இவ்விரண்டும் சேர்ந்து 80,000 பேரைக் கொன்றன என்று சொல்லி நிறுத்திவிட்டால் வரலாற்றிலே பாதியைத்தான் சொன்னவராவோம். உலகப் பொருளாதார மந்தம் றப்பரையும் தெங்கையும் வீழ்த்தியிருந்த காலம் அது. கூலி குறைந்து, கடன் ஏறி, வரட்சியால் விளைச்சலும் பட்டுப்போய் ஏற்கெனவே பட்டினி கிடந்த கிராமங்களுக்குள்ளேதான் காய்ச்சல் நுழைந்தது. உணவற்ற உடல் புதிய இரத்தத்தை ஆக்க மாட்டாது. கொயினா நோயைத் தணிக்கலாம். அரிசிக்கு அது ஈடாகாது. காய்ச்சல் தெளிந்தவன் எழுந்து நடக்கப் பலமின்றி மறுபடி வீழ்ந்தான். அதே நுளம்பு கடித்தும், சோறும் மருந்தும் படுக்கையும் உடைய வீடுகளிலே உள்ளவர் பெரும்பாலும் பிழைத்தெழுந்தனர்.

இதனைக் கண்கூடாகக் கண்டவர்களுள் முன்னணியில் நின்றோர் சூரியமல் இயக்கத்தினர். முதலாம் உலகப்போரின் நினைவாக நவம்பர் 11இல் விற்கப்பட்ட பொப்பிப் பூவின் பணம் பிரித்தானியாவுக்குச் செல்வதை எதிர்த்து, அதே நாளிலே பூவரசம்பூ விற்கும் இயக்கமாக அது 1933இல் வளர்ந்தது. கொள்ளைநோய் பரவியபோது அவ்விளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். மருத்துவரும் அரசாங்க சபை உறுப்பினருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும், என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோரும் அப்பணியில் ஈடுபட்டனர். கொயினாவோடு பருப்பும் கொடுத்த என். எம். பெரேராவைக் கிராமத்தவர் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். மருத்துவ நூல்கள் பல பக்கங்களிலே விளக்குவதை மக்கள் ஒரு பட்டப்பெயரிலே சொல்லிவிட்டனர் என்று நாம் கருதுகின்றோம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. மறு ஆண்டுத் தேர்தலிலே ருவன்வெல்லை பெரேராவையும் அவிசாவளை குணவர்த்தனவையும் அரசாங்க சபைக்கு அனுப்பின. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் பிறப்பிலே தத்துவ நூல்களுக்கு எவ்வளவு பங்குண்டோ, வற்றிய ஆற்றுக் குட்டைகளுக்கும் அவ்வளவு பங்குண்டு.

இவ்விடத்திலே இன்னொரு இடதுசாரியையும் நினைவுகூர வேண்டும். ஆங்கிலேய உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேசுவரத்திலே காலமானவர். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாடு மத்தியதரைக் கடற்பகுதியிலே அத்தனை பரவலாக இருப்பதேன் என்ற வினாவுக்கு 1949இல் அவர் ஒரு விடையை முன்வைத்தார். அக்குறைபாட்டின் காரணியைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்புகின்றனர். ஆதலால் மலேரியா வேரூன்றிய நிலங்களில் அக்காரணி தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகின்றது என்பதே அது. பின்னர் 1954இல் அந்தனி அலிசன் ஆபிரிக்காவிலே அரிவாட்கல நோய் குறித்து இதே உறவைச் சான்றுகளோடு காட்டினார். இலங்கையிலும் தலசீமியா உண்டு. அதன் சிகிச்சைக்குரிய பெரிய நிலையம் குருநாகலிலே இயங்குகின்றது. நோய் போய்விட்டது, நோய்க்கு எதிரே இரத்தம் எழுப்பிய மதில் மட்டும் நிற்கின்றது. தாயும் தந்தையும் இருவருமே இக்காரணியைச் சுமப்பாராயின் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா ஏற்பட நாலில் ஒரு வாய்ப்புண்டு. மாமன் மகளையும் மச்சானையும் மணப்பது வழமையாகவுள்ள நமது ஊர்களிலே, திருமணப் பேச்சின்போது சீதனக் கணக்குக்குச் செலவிடும் நேரத்திற் சிறிதை ஓர் இரத்தப் பரிசோதனைக்கும் ஒதுக்கினால் என்ன?

நுளம்பின் மீது பெருந்தாக்குதல் தொடங்கியது இரண்டாம் உலகப்போரின் முடிவிலே. குலிசிபேசிசு நுளம்பு கடித்தபின் வீட்டுச் சுவரிலே ஓய்ந்திருக்கும் பழக்கமுடையது. அச்சுவரிலே டி. டி. ரி. தெளித்தால் மாதக்கணக்கில் அதன் நஞ்சு நிலைக்கும். 1946 - 47இலே நாடளாவிய தெளிப்பு நடைபெற்றது. 1946இல் ஆயிரத்துக்கு இருபதுக்குச் சற்று மேலாக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. சிசு மரண வீதம் 141இலிருந்து 101 ஆகக் குறைந்தது. உலகெங்கும் இவ்வெண்கள் மேற்கோள் காட்டப்பட்டன. ஒரு மருந்து ஓராண்டிலே ஒரு நாட்டைக் காப்பாற்றியது என்ற கதை பிறந்தது.

அக்கதை முழு உண்மையன்று. மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் அதே ஆண்டுகளில் இறப்பு குறைந்தது. பீற்றர் நியூமன் போன்ற ஆய்வாளர் டி. டி. ரி.க்குப் பெரும்பங்கு அளித்தனர், எஸ். ஏ. மீகம போன்றோர் உணவையும் மருத்துவ வசதிகளையும் சுட்டிக்காட்டினர். நமது துணிபு இரண்டாமவர் பக்கமே சாய்கின்றது. எனினும் தெளிப்பின் பயனை மறுப்பது வீண் வாதம். போர்க்காலத்திலிருந்து பங்கீட்டு அரிசி குறைந்த விலைக்குக் கிடைத்தது. 1934 - 35இன் அழிவுக்குப் பின்னர் கிராமப்புற வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகின. 1931 முதல் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தமையால், ஏழையின் காய்ச்சலை முற்றாகப் புறக்கணித்தவன் தேர்தலிலே தோற்கவும் கூடும் என்ற நிலை ஏற்பட்டது. 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலை மதிய உணவையும் நிறுத்தியபோது, ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. சோற்றுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை மக்களுக்கு யாரும் புள்ளிவிபரத்தாற் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மலேரியா விலகியதும் நிலத்தின் விலை மாறியது. நமது மேற்கிலே பட்டிப்பளை ஆற்றின் மேற்பகுதி காடும் காய்ச்சலுமாகக் கிடந்த பிரதேசம். டி. டி. ரி. அங்கே மனிதர் தங்கி உழைப்பதைச் சாத்தியமாக்கியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையிலே அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் விரிந்தது. குடியேற்றப்பட்டோருள் பெரும்பாலோர் கேகாலை, கண்டி முதலிய பகுதிகளிலிருந்து வந்த நிலமற்ற சிங்கள விவசாயிகள். அடிவாரத்திலே தலைமுறைகளாக நெல் விளைத்த முஸ்லிம்களும் தமிழரும் பெற்ற பங்கு சிறிது. இதனால் விளைந்த மனக்கசப்பு பொய்யானதன்று. 1956 ஜூனிலே கல்லோயாவில் தமிழர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கப்பட்டது. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. கேகாலையிலிருந்து வந்து கல்லோயாவில் மண்வெட்டி பிடித்தவன், 1935இலே தன் தம்பி தங்கையரைப் புதைத்த குடும்பத்தவனாக இருந்திருக்கக் கூடும். பெருந்தோட்டங்கள் அவனுடைய ஊரை நெருக்கி, அவனை நிலமற்றவனாக்கின. தோட்டங்களைத் தொடாமல், காய்ச்சல் நீங்கிய காட்டைக் காட்டி அவனை அனுப்பியது ஆட்சியாளரின் அரசியல். ஒரு தாழ்த்தப்பட்டவனின் பசியை இன்னொருவனின் வாசலிலே கொண்டுவந்து இறக்கிய அரசியல் அது.

1963இல் நாடெங்கும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அவர்களிலும் ஒரு பகுதியினர் வெளிநாட்டிலே நோயைப் பெற்றவர்கள். வெற்றி கண்டதும் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. டி. டி. ரி.க்கு நுளம்பு பழகிவிட்டதும் அக்காலத்திலேயே தெரிய வந்தது. நஞ்சு தெளித்த சுவரிலே பல்லாயிரம் நுளம்புகள் மாள, தாங்கும் இயல்புடைய சில தப்பும். அவற்றின் வழித்தோன்றல்களே பெருகும். ஹோல்டேன் மனித இரத்தத்திலே கண்ட அதே விதி நுளம்பினிடத்தும் செயற்பட்டது. றேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1962இல் பூச்சிகொல்லிகளுக்கு எதிராக நூல் எழுதியமையாலேயே இலங்கை தெளிப்பைக் கைவிட்டது, இத்தனை பேரும் நோயுற்றனர் என்று இன்றும் எழுதுவோர் உளர். இது அப்பட்டமான பொய். நோய் ஒழிந்ததென்ற நம்பிக்கையே தெளிப்பை நிறுத்தியது. செலவைக் குறைக்க விரும்பிய ஆட்சியினருக்கு அந்நம்பிக்கை வசதியாகவும் இருந்தது.

பிறகு நெடுங்காலம் காய்ச்சல் ஏறியும் இறங்கியும் நின்றது. 1987இலே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். போர் நடந்த வடக்கும் கிழக்கும் பெருஞ்சுமையைத் தாங்கின. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தது. நாட்டிலே வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனையும் இடிபாடாகக் கிடந்தன. தேங்கிய நீரும் கூடாரங்களும் மலேரியாவை மீண்டும் கொணரும் என்று பலர் அஞ்சினர். அது நிகழவில்லை. அதற்குள்ளேயே நோய் பெரிதும் தணிந்திருந்தது. இரத்தக்கண்ணாடிகளைச் சோதிக்கும் சிறு ஆய்வுகூடங்களும், ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளரும், இலவச மருந்தும் அப்போதும் இயங்கின. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிலே பதிவானார். 2016 செப்டம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சிற்றூழியரின் வெற்றி இது. இதற்காக எவருக்கும் சிலை எழவில்லை.

நோயின் காரணத்தை மண்ணிலும் மக்களிடத்திலும் தேடும் பழைய பழக்கம் இத்தோடு ஒழிந்தது என்று எண்ணியவர்களை 2020 திருத்திற்று. மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பது பொருள். நிலத்திலிருந்து எழும் ஆவியே காய்ச்சலைத் தருவதென்று ஐரோப்பியர் நம்பிய காலத்துச் சொல் அது. 1897இலே செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றிலே கிருமியைக் கண்டபின் அந்நம்பிக்கை பொய்த்தது. ஆனால் கொரோனாத் தொற்றின்போது, இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் வழியாக நோய் பரவும் என்று சான்றேதுமின்றிக் கூறப்பட்டு, எரிப்பது மட்டுமே சட்டமாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் எரிக்கவும் இடமளித்திருந்தது. சுவாசத்தால் தொற்றும் கிருமிக்கு உயிருள்ள கலம் வேண்டும். அடங்கிய உடலிலிருந்து ஆறடி மண்ணைக் கடந்து கிணற்றை அடைந்து ஒருவரைத் தொற்றியதாக எங்கும் நிரூபிக்கப்படவில்லை. 2020 டிசம்பரிலே பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அதுவும் ஓட்டமாவடியிலே ஒதுக்கப்பட்ட ஒரே இடத்தில். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இது அறிவியலின் பிழையன்று. நாட்டிலே நோயியல் அறிந்த பேராசிரியர் பலர் இருந்தனர். புதைப்பதால் ஆபத்தில்லை என்று அவர்களுள் பலர் வெளிப்படையாகவே கூறினர். அவர்களைக் கேளாமல் விட்டது அதிகாரம்.

மன்னாரிலே 2017 அளவில் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்திய நகரங்களிலே மலேரியா பரப்பும் இனம் இது. குலிசிபேசிசைப்போல் ஆற்றுக் குட்டை இதற்கு வேண்டுவதில்லை. கிணற்றிலும், சீமெந்துத் தொட்டியிலும், கூரைமேல் வைத்த தண்ணீர்த் தாங்கியிலும் வளரும். மலேரியாக் கிருமியைச் சுமந்துகொண்டு வெளிநாடுகளிலிருந்து திரும்புவோர் ஆண்டுதோறும் உளர். 2022இன் பொருளாதார நெருக்கடியிலே அரச வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதை நாம் கண்டோம். மருதமுனையிலிருந்து நிந்தவூர்வரை வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இக்கரையிலே, ஏறக்குறைய ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு இருக்கின்றது. ஏறக்குறைய ஒவ்வொரு கூரையிலும் ஒரு தாங்கி இருக்கின்றது. அவற்றை மாதந்தோறும் பார்வையிடும் களப்பணியாளருக்கு அடுத்த ஆண்டும் சம்பளம் உண்டா என்பதைத் தீர்மானிப்பது நுளம்பன்று.